ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், கோச்சிங்: இதைப் போய் மூணு வருஷம் படிக்கணுமா?

மார்ச் 4 (கேள்வி)

பள்ளி டீமில் ஆறு வருஷமா வாலிபால் ஆடுறேன். யுனிவர்சிட்டியில் விளையாட்டு மேலாண்மையும் பயிற்சியியலும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. எங்க கோச் இதெல்லாம் படிச்சவர் இல்லை. ஆனா எங்களை நல்லாத்தான் தயார் பண்ணினார். கிரவுண்டில் கத்துக்க முடியாத எதை கிளாஸில் உட்கார வெச்சு சொல்லித் தரப் போறாங்க? படிச்சவங்க யாராவது மழுப்பாம சொல்லுங்க.

மார்ச் 4, இரவு

படித்தவன் நான். மழுப்பவில்லை.

அந்தப் பெயருக்குள் இரண்டு படிப்பு இருக்கிறது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி, ஒன்று கிரவுண்டுக்கு இழுக்கும், மற்றது ஆபீசுக்கு இழுக்கும். கோச்சிங் பக்கம் உடற்கூறு, உடலியங்கியல், அசைவைக் கற்பது எப்படி, உளவியல், பயிற்சித் திட்டம், பிராக்டிகல். மேலாண்மைப் பக்கம் நிதி, சட்டம், மார்க்கெட்டிங், நிகழ்ச்சி நடத்துவது, மைதானப் பராமரிப்பு. மார்க்கெட்டிங்கில் நாலு 'பி' உண்டு (பிராடக்ட், பிரைஸ், பிளேஸ், பிரமோஷன்). ஐந்தாவது 'ப' பரீட்சைக்கு முந்தின ராத்திரி வரும் பயம்.

கோச்சிங் பாதிக்காகச் சேருங்கள் தம்பி. மறுபாதியை பாஸ் ஆகிற அளவுக்குப் படித்தால் போதும்.

மார்ச் 5

கேட்ட கேள்விக்கு நேற்று நான் பதிலே சொல்லவில்லை. கிரவுண்டில் கற்க முடியாதது எது?

இரண்டாம் வருஷ பிராக்டிகல். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பதினான்கு பிள்ளைகள், நாற்பது நிமிஷம். எதிர்ப்பக்கத்து சர்வீஸை இரண்டு கையையும் சேர்த்து எடுப்பதுதான் பாடம். எங்கள் சார் என் காலரில் ஒரு சின்ன ரெக்கார்டரை மாட்டினார். மூலையில் ஒரு கேமரா. முடிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், பந்து மேலே எழும்பியது, யாரும் அழவில்லை.

"நீ வாயால சொன்னது ஒவ்வொண்ணையும் எழுதி நாளைக்குக் கொண்டு வா" என்றார் சார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எழுதினேன். "சூப்பர்" 61 தடவை. அதில் பாதி, பந்து வலையில் போய் விழுந்த பிறகு சொன்னது. "கையை மடக்காதே" 23 தடவை. மடக்கினால் பந்து எங்கே போகும், ஏன் போகும் என்பது ஒரு தடவைகூட இல்லை. ஐந்து பிள்ளைகளின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பையனின் பெயர் நாற்பது நிமிஷமும் என் வாயில் வரவே இல்லை.

வீடியோவில் அவனைத் தேடினேன். வரிசையில் தனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறான். அவிழாத லேஸ். கட்டி முடித்து எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொள்கிறான். மறுபடி முன்னால் வந்ததும் மறுபடி லேஸ். ஒரு சுற்றில் நானே அவனுக்கு ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டி நின்று வேறு யாருக்கோ "சூப்பர்" போடுகிறேன். மொத்த வகுப்பிலும் அவன் பந்தைத் தொட்டது இரண்டே முறை.

பத்து வருஷம் கிரவுண்டில் நின்றிருந்தாலும் அது என் கண்ணில் பட்டிருக்காது. நம்மைப் பிடித்து உட்கார வைத்து, நாம் செய்ததை நமக்கே போட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும். யுனிவர்சிட்டியில் அதற்கு ஆள் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

இந்த எண்ணும் வேலை எங்கள் சார் கண்டுபிடித்ததில்லை. ஜான் வுடன் என்ற கூடைப்பந்து கோச், அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 12 வருஷத்தில் 10 தேசியப் பட்டம் வாங்க வைத்தவர். அவருடைய கடைசி சீசனில், 1974-75இல், தார்ப், கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிராக்டிஸில் உட்கார்ந்து அவர் சொன்னதையும் செய்ததையும் எண்ணினார்கள். மொத்தம் 2,326. அதில் முக்கால்வாசி வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். பாராட்டு நூற்றுக்கு ஏழு. "சூப்பர்" சொல்வதில் மட்டும் நான் அந்தப் பெரிய கோச்சை எங்கோ தாண்டிவிட்டேன்.

திட்டவே மாட்டாராம்.

மார்ச் 7

திருத்தம். மேலே ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. "திட்டவே மாட்டார்" என்று நான் எழுதியது தப்பு, காதில் விழுந்ததை எழுதிவிட்டேன். அதிருப்தி காட்டுவதும் பாராட்டு அளவுக்கே இருந்தது, ஏறக்குறைய ஏழு சதவீதம். அது போக, திட்டிய கையோடு திருத்திச் சொல்வது தனியாக எட்டு சதவீதம். சரியாகச் செய்வது இப்படி, நீ செய்தது இப்படி, சரியாகச் செய்வது இப்படி என்று மூன்று தடவை செய்து காட்டுவார். எல்லாம் சில விநாடிக்குள். பிரசங்கம் கிடையாது.

நான் அதை முயன்றேன். முதலும் மூன்றாவதும் வந்தது. நடுவில் அவர்கள் செய்த தப்பை நான் செய்து காட்டியபோது பந்து அழகாக எழும்பிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மார்ச் 9

"அதெல்லாம் சரி, ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதில் கிளாஸ்ரூமுக்கு என்ன வேலை" என்கிறார் ஒருவர். ஓர் உதாரணம்.

நான் ஆடின காலத்தில் சர்வீஸ் பிராக்டிஸ் என்றால் ஒரே மூலைக்கு ஐம்பது. அப்புறம் அடுத்த மூலைக்கு ஐம்பது. நாற்பதாவதில் கை பழகிவிடும், நாமும் கற்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போவோம். 1979இல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையில் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னத் தடுப்புகளைச் சொன்ன வரிசையில் தட்டிவிட வேண்டும், அப்படி மூன்று வகை வரிசை. ஒரு கூட்டம் ஒவ்வொரு வகையையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. இன்னொரு கூட்டத்துக்கு மூன்றையும் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது முதல் கூட்டம் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தால் கலந்து செய்தவர்கள் முன்னால் நின்றார்கள்.

இதைக் கேட்ட அன்றைக்கே எல்லா டிரில்லையும் கலக்க ஆரம்பித்தேன். பிராக்டிஸ் கண்றாவியாகிவிட்டது. ஓரத்தில் நின்ற பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள், முந்தின வாரம் நன்றாகத்தானே போட்டான், இவர் வந்து கெடுத்துவிட்டார் என்று. அவர்கள் பார்ப்பது இன்றைய பந்து. நான் பார்க்க வேண்டியது பத்து நாள் கழித்து விழும் பந்து. அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

மார்ச் 9, மறுபடியும்

கொஞ்சம் அடக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அது ஆய்வகத்தில், கையசைவில் வந்த முடிவு. நிஜ ஆட்டத்தில் அத்தனை பெரிய வித்தியாசம் எப்போதும் வருவதில்லை. முதல் தடவை பந்தைத் தொடும் பிள்ளைக்கு ஒன்றையே கொஞ்ச நேரம் செய்ய விடுவதுதான் நல்லது. நான் அந்தப் பன்னிரண்டு வயதுக் கூட்டத்துக்கும் கலந்து கொடுத்துக் குழப்பினேன். பெற்றோர் சுளித்ததில் பாதி நியாயம்.

மார்ச் 10

விசில் எதற்கு என்று சண்டை போடுகிறவர்களுக்கு: எனக்கு விசில் பிடிக்காது. கையைத் தூக்கினால் நின்றுவிட வேண்டும் என்று பழக்கினேன். மூன்று நாள் பலித்தது. நாலாம் நாள் யாரும் என் கையைப் பார்க்கவில்லை. இப்போது கழுத்தில் விசில் தொங்குகிறது.

மார்ச் 14

பயிற்சியியல் பாடத்தில் என்னை உலுக்கிய வேறொன்று. 1985இல் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தைப் பார்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் கொட்டிக் கிடந்தார்கள். கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் கொஞ்சம்தான். மாயம் ஒன்றுமில்லை. வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கியது. பத்து வயதுப் பிரிவில் ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் பெரியது. உயரம் கூட, பலம் கூட. கோச் அதைப் பார்த்து "திறமை" என்கிறார். தேர்வான பிள்ளைக்கு நல்ல பயிற்சி, கூடுதல் மேட்ச். கொஞ்ச காலத்தில் நிஜமாகவே திறமை வந்துவிடுகிறது.

எங்கள் பதினாலு வயதுப் பிரிவுப் பட்டியலை எடுத்தேன். அங்கேயும் ஜனவரிதான் கணக்கு. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் முதல் நாலு மாதம். கடைசி மூன்று மாதத்தில் ஒரே ஒருத்தன், அவனும் உயரத்துக்காக வந்தவன்.

அந்த லேஸ் கட்டும் பையன் நவம்பர்.

மார்ச் 15

"உங்க பிறந்த மாசம் என்ன" என்று கேட்ட புண்ணியவானுக்கு: ஜனவரி 9. இத்தனை வருஷம் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 21

மார்ச் 4 அன்று மேலாண்மைப் பாதியைப் பாஸ் ஆகிற அளவுக்குப் படித்தால் போதும் என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் விழுங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள் டோர்னமென்ட் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாக் அவுட், 19 டீம். டிரா போடும் பாடம், அதாவது யார் யாரோடு மோதுவது என்று அட்டவணை போடுவது, நடந்த அன்றைக்கு நான் கிரவுண்டில் இருந்தேன். இதற்கென்ன பாடம், சீட்டுக் குலுக்கிப் போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். 19இல் ஒரு டீமுக்கு 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது), மீதி 18க்கு 9 மேட்ச். அடுத்த சுற்றுக்கு 10 டீம், 5 மேட்ச். அடுத்து 5 டீம். மறுபடி ஒற்றைப்படை. குலுக்கி ஒரு டீமுக்கு பை. இரண்டு மேட்ச் முடிந்தது, 3 டீம். மறுபடி குலுக்கல். சீட்டைப் பிரித்தால் போன சுற்றில் பை வாங்கிய அதே டீம்.

ஆக, இரண்டே மேட்ச் ஜெயித்த டீம் ஃபைனலுக்கு வந்தது. எதிரே நின்றவர்கள் காலையிலிருந்து நாலு மேட்ச் ஆடியவர்கள், முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டு. அவர்களுடைய கோச் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. பென்சிலை வாங்கி என் சார்ட்டின் ஓரத்தில் "32 − 19 = 13" என்று எழுதி, பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருக்கலாம்.

விஷயம் இதுதான். டீம் எண்ணிக்கைக்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கைப் பார்க்க வேண்டும்: 4, 8, 16, 32. அதிலிருந்து டீம் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது பை. எல்லா பையும் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட வேண்டும். 13 டீமுக்கு பை, மீதி 6 டீம் 3 மேட்ச் ஆடும், இரண்டாம் சுற்றில் சுத்தமாக 16. அப்புறம் எங்கேயும் ஒற்றைப்படை வராது. மொத்த மேட்ச் எப்படிப் போட்டாலும் 18தான், ஒவ்வொரு மேட்சும் ஒரு டீமை வீட்டுக்கு அனுப்புகிறது, 18 டீம் வீட்டுக்குப் போக வேண்டும். லீக்காக எல்லாரோடும் எல்லாரும் ஆடினால் 171. ஒரு நாளில் நடக்காது.

கால் மணி நேரப் பாடம்.

மார்ச் 22

இன்னொன்றும் இருக்கிறது, நேற்று எழுதக் கை வரவில்லை.

அதே மேலாண்மைப் பாதியில் அவசரகாலத் திட்டம் என்று ஓர் அசைன்மென்ட். யாராவது விழுந்தால் யார் போன் செய்வது, யார் பக்கத்தில் இருப்பது, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வாசலால் வரும், அந்த வாசலின் சாவி யாரிடம். ஒரு பக்கத்துக்கு அட்டவணை. நண்பன் எழுதியதைப் பார்த்து எழுதினேன். சாவிக் கட்டத்தில் "பொறுப்பாளர்" என்று போட்டேன்.

படிப்பு முடித்து வேலை பார்த்த ஒரு கிளப்பில், நட்பு ஆட்டத்தில் ஒரு பையன் பிளாக்குக்குக் குதித்து அடுத்தவன் காலில் இறங்கினான். கணுக்கால் திரும்பி நின்ற விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. வந்து கம்பி வாசலுக்கு வெளியே நின்றது. பூட்டு. சாவி வைத்திருந்தவர் வெளியே போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைச் சுவர் சுற்றி, சின்ன வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள். பதினோரு நிமிஷம். பையன் கத்தவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

கணுக்கால் என்பதால் பதினோரு நிமிஷம் வெறும் வலியோடு போயிற்று. அது இதயமாக இருந்திருந்தால்? இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திவிட ஆளில்லை என்றால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று பாடத்தில் இருக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சரிந்தார். அழுத்தத் தெரிந்தவர்களும் கருவியும் அங்கேயே இருந்தன. பிழைத்தார், அடுத்த வருஷம் மறுபடி ஆடினார்.

அன்றைக்கு "பொறுப்பாளர்" என்று எழுதியதற்கு எனக்கு முழு மார்க் போட்டிருந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், யுனிவர்சிட்டியை ரொம்பப் புகழ்கிறேன் என்று ஒருவர் மேலே எழுதியிருப்பதால்.

மார்ச் 23

குரூப் அசைன்மென்ட் பற்றிக் கேட்டவருக்கு: மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் எழுதியது, கயிறு இழுக்க ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் இழுப்பும் குறையும். இதை விளக்கி ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை கொடுத்தோம். எழுதியது ஒருத்தி.

ஏப்ரல் 2

மேலாண்மைப் பாடத்தில் பயன் இருக்கிறது, சரி, சுவாரசியம் உண்டா என்கிறார் தம்பி. உண்டு. நான்தான் தூங்கினேன்.

மற்ற வியாபாரத்தில் போட்டியாளன் ஒழிந்தால் லாபம். விளையாட்டில் அவன் ஒழிந்தால் நாமும் ஒழிந்தோம். 1964இல் வால்டர் நீல் என்ற பொருளியலாளர் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸை வைத்து இதைச் சொன்னார்: எதிரே ஷ்மெலிங் மாதிரி பலசாலி நின்றால்தான் லூயிஸுக்கு வசூல். லீக்குகள் வருமானத்தைப் பங்கு போடுவதும், சில லீக்குகளில் கடைசியில் வந்த டீமுக்குப் புது வீரரை எடுப்பதில் முதல் உரிமை கொடுப்பதும் இந்த நியாயத்தை வைத்துத்தான்.

போஸ்மன் வழக்கு எனக்குப் பிடித்தது. பெல்ஜியத்துச் சாதாரணக் கால்பந்து ஆட்டக்காரர். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் பணம் கொடுத்தால்தான் பிரெஞ்சு கிளப்புக்கு விடுவோம் என்றது பழைய கிளப். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு: ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போக யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம். இன்றைக்குப் பெரிய வீரர்கள் ஒப்பந்தம் முடியக் காத்திருந்து கிளம்புவதற்குப் பின்னால் இவர் இருக்கிறார்.

மான்ட்ரியல் 1976 ஒலிம்பிக்கில் கட்டிய மைதானக் கடன் தீர்ந்தது 2006இல். முப்பது வருஷம். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ், 1932இல் பயன்படுத்திய அதே மைதானத்தைத் தூசு தட்டி ஒலிம்பிக் நடத்தி, 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தது.

இந்தப் படிப்பே ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. பேஸ்பால் அணி முதலாளி வால்டர் ஓமாலி 1957இல் ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு எழுதினார், விளையாட்டு நிறுவனத்தை நடத்தத் தெரிந்த ஆளை எந்த யுனிவர்சிட்டியில் போய்த் தேடுவது என்று. மேசன் 1966இல் ஒஹாயோ யுனிவர்சிட்டியில் முதல் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார்.

ஏப்ரல் 3

வேலை. சுருக்கமாக.

பட்டம் வேறு, கோச் லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த விளையாட்டின் சம்மேளனம். ஐரோப்பாவில் மேல்மட்டக் கால்பந்து அணிக்குத் தலைமைக் கோச் ஆக ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஈஎஃப்ஏவின் ப்ரோ லைசென்ஸ் கேட்பார்கள், அதைப் பட்டச் சான்றிதழோடு சேர்த்துத் தர மாட்டார்கள். படிக்கும்போதே கீழ்மட்ட லைசென்ஸையும் முதலுதவிச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். என்னோடு படித்தவர்களில் முழுநேரக் கோச் நாலு பேர். மற்றவர்கள் மைதானம் நடத்துகிறார்கள், போட்டி நடத்துகிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள், காப்பீடு விற்கிறார்கள். காப்பீட்டுக்காரன்தான் எங்களில் நிம்மதியானவன்.

ஏப்ரல் 11

தம்பி, தனியாக அனுப்பிய கேள்விக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் ஆகும். பயிற்சிச் சுமையைக் கணக்கிட விலை உயர்ந்த கருவி வேண்டாம். கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் முறை: பிராக்டிஸ் எவ்வளவு கஷ்டம் என்று வீரர் 0 முதல் 10க்குள் ஓர் எண் சொல்வார், அதை நிமிஷத்தால் பெருக்க வேண்டும். 90 நிமிஷம், எண் 7 என்றால் 630. முடிந்து அரை மணி நேரம் போன பிறகு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி டிரில்லுக்கு மட்டும் மார்க் போடுவார்கள்.

தனித்தனியாகக் கேளுங்கள். நான் வட்டமாக நிற்க வைத்துக் கேட்டேன். கேப்டன் "நாலு" என்றான். பதினோரு பேரும் நாலு. அதில் ஒருத்தன் அப்போதுதான் வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றவன்.

ஏப்ரல் 12

லேஸ் பையன் என்ன ஆனான் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கதையெல்லாம் இல்லை. அடுத்த வகுப்பில் வரிசையையே எடுத்துவிட்டேன். இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு பந்து கொடுத்தேன், ஒளிந்துகொள்ள இடமில்லை. அன்றைக்கு அவன் பந்தை எழுபது தடவையாவது தொட்டிருப்பான், பெரும்பாலும் தப்பாக. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. தப்பான பெயர். அவன் அண்ணன் பெயர் அது.

பிராக்டிகல் முடிந்து நாங்கள் கிளம்பிவிட்டோம். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை.

ஜூன் 28

தம்பி சேர்ந்துவிட்டார், முதல் வாரமே டிரா கணக்கு வந்திருக்கிறது, 23 டீமுக்கு 8 பை என்று போட்டு அனுப்பியிருக்கிறார்.

8 இல்லை, 9. 32லிருந்து 23. டிரா சார்ட்டின் மேல் பாதியில் 12 டீம், அதில் 4 பை. கீழ்ப் பாதியில் 11 டீம், அதில் 5 பை. இரண்டாம் சுற்றில் இரண்டு பக்கமும் எட்டெட்டு டீம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி.